என் அம்மியில் நிற்கிற மாடி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா, எனக்கு வேண்டாம். பிள்ளைக்குக் காற்று ஆகாது. நீங்கள் தென்காசி வரைக்குமா? நானும் அங்கேதான், பெரிய ஆஸ்பத்திரிக்கு. சீக்கு ஒன்றும் இல்லை. இவனுக்கு எடை பார்க்க வேண்டும்.

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், கோமுவுக்கு வாய் இருக்கிறதா என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு நின்றதே, டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வெட்கப்பட்டுத்தான். நீங்கள் முன்பின் தெரியாதவர், அதனால் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொன்னால் அது எங்கள் அத்தை, வீட்டுக்காரரைப் பெற்றவள், அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்றைக்கு இவன் எடை ஏறியிருக்க வேண்டும் அக்கா. ஏறவில்லை என்றால் நாளையிலிருந்து டப்பாப் பால்தான் என்று அத்தை சொல்லிவிட்டாள். "ஒன் பாலுல ஒண்ணுங் கெடையாதுட்டி, வெறும் வெள்ளத் தண்ணி" என்றாள். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது? நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என்றைக்கு நான் எதிர்த்துப் பேசினேன்?

எல்லாம் அந்தத் தூணால் வந்தது.

எங்கள் வீடு பழைய வீடு. கான்கிரீட் கிடையாது. சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்த மட்டப்பா. கீழே படுத்து அண்ணாந்து பார்த்தால் விலா எலும்பு மாதிரி கட்டை கட்டையாகத் தெரியும். என் அறையில் நடுக்கட்டையில்தான் இவன் தொட்டில். வளைகாப்புக்கு எங்கள் அம்மா எடுத்துக்கொடுத்த சேலை. கட்டையைச் சுற்றிக் கயிறு போட்டு, அதில் சேலையைக் கட்டினால் அப்படி ஆடும், அப்படித் தூங்குவான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன். மூத்த அத்தான் என்று சொல்வேன். ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் மட்டப்பாவில் தகரம் போட்டு ஒரு வீடு எடுத்தார், அவரும் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்க. நடுவில் ஒரே ஒரு இரும்புத் தூண். தகரக் கூரையின் பாரமெல்லாம் அதன் தலையில். கூரைக்கு மேலே தண்ணித் தொட்டி, அதுவும் அதன் தலையில்தான். "வீட்டுக்கு மூத்த மருமக மாதிரி, எல்லாத்தையும் தாங்கும்" என்று அத்தான் சொன்னார். அவர் பெண்டாட்டி சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை.

தூணை எங்கே நிறுத்துவது என்று வேம்பு ஆசாரி ஒரு இடம் குறித்திருந்தார். என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கிறது. "அந்தச் சொவத்துக்கு நேர் மேல நிறுத்துங்க. பாரம் சொவத்து வழியா மண்ணுக்கு எறங்கிரும். நடுக்கட்டையில நிறுத்துனா கட்டை ஒத்தையா மாட்டிக்கிடும்" என்றார். அப்போதுதான் மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர் வந்தார். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். மேல் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே தூண் வருகிறதாம். வாசல் குத்தாம். தலைச்சன் பிள்ளைக்கு ஆகாதாம்.

"என்ன பரிகாரம்?" என்று அத்தான் கேட்டார்.

"பரிகாரம்லாம் எதுக்கு? மூணு முழம் தள்ளி நிறுத்துங்க, தீந்தது."

என் அறை மொத்தமே ஆறு முழம் அக்கா. மூன்று முழம் தள்ளினால் எங்கே வரும்? நடு அறைக்கு மேலே, தொட்டில் கட்டின கட்டை முதுகில் வந்து உட்கார்ந்தது. ஆசாரி வாயைத் திறந்தார். அத்தான் ஒரு வேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். ஆசாரி வாயை மூடிக்கொண்டு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

தூணுக்கு அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு இரும்புத் தகடு. தகட்டுக்கு அடியில் நவதானியம். என்னையும் மேலே கூப்பிட்டுத் தூணுக்கு மஞ்சள் தடவச் சொன்னார்கள். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அறைக்கு மேலே லட்சுமி கால் ஊன்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். தலைச்சன் பிள்ளைக்கு ஆகாது என்றாரே, இவனும் தலைச்சன்தான். ஆனால் அது மேல் வீட்டு வாசலுக்குச் சொன்னது. கீழே இருக்கிற நமக்கு அது சேராது.

இவன் பிறக்கும்போது கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், பொறவு தேறிருவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அதுகூடச் சொல்லவில்லை. மேல் வீட்டுப் பிள்ளை பிறந்தபோது எப்படி இருந்தான் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பாள். தூக்க முடியாதாம், இடுப்பு வலிக்குமாம்.

மேலே தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள், பால் காய்ச்சினார்கள், குடியேறினார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் அத்தை என் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்கு அடியில் விளக்குமாறு எப்போதும் தாராளமாகப் போய் வரும். அன்றைக்கு முட்டியது. அத்தை குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா! கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. மேல்வாயில் ஒரு பல் இல்லை என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஏட்டி கோமு, புள்ள கனத்துட்டாம்ட்டி! தொட்டிலு தரையத் தொடப் போவுது!"

கயிற்றை அவிழ்த்து ரெண்டு விரல் ஏற்றிக் கட்டினேன். கொஞ்ச நாளில் மறுபடியும் முட்டியது. மறுபடியும் ஏற்றினேன். சேலை நைந்து இழுபடுகிறதோ என்று ஒரு தடவை நினைத்தேன். புதுச் சேலை மாற்றினேன். அதுவும் இறங்கியது. அப்புறம் என்ன சந்தேகம்?

அத்தை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வாசலைச் சாத்திவிட்டுத்தான் தொட்டில் ஆட்ட வேண்டும் என்றாள். யாராவது பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "எங்க, பால் குடிக்கவே மாட்டேங்கான், எளச்சுப் போயிட்டான்" என்று நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சொல்வோம். கண் பட்டுவிடக் கூடாது இல்லையா. அதுதான் உண்மை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

மீன் குழம்பு வைத்தால் தலை எனக்கு வந்தது. அதுவரை அது மூத்த அத்தான் தட்டுக்குத்தான் போகும். "பால் குடுக்கவ திங்கட்டும்" என்று அத்தை சொன்னபோது மாடிப்படியில் நின்றிருந்த மூத்த மருமகள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் மெதுவாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நர்ஸம்மா பியூலா சத்துமாவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆறு மாசம் முடிந்ததும் பாலோடு அதையும் கஞ்சி காய்ச்சிக் கொடு என்றார். இப்படிக் கனக்கிற பிள்ளைக்குக் கஞ்சி எதற்கு? பால் பற்றாதவள்தான் கஞ்சி காய்ச்சுவாள் என்று அத்தையும் சொன்னாள். மாவை வீணாக்கக் கூடாது என்று சர்க்கரை போட்டு உருண்டை பிடித்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். லோடு ஆட்டோ ஓட்டிவிட்டுப் பசியோடு வருகிற மனுஷன். அவருக்குத் தொந்தி விழுந்ததும் அந்த நாளில்தான்.

நடுவில் சின்னச் சின்னதாகச் சிலது நடந்தது. பிள்ளை தலையில் வெள்ளையாகத் தூள் கிடக்கும். "பவுடர அப்புததுக்கு ஒரு அளவு கெடையாதா?" என்று அத்தை திட்டினாள். நான் பவுடர் போடவே இல்லை. எலி சுண்ணாம்பைப் பறிக்கிறது என்று நினைத்துக் கூண்டு வாங்கி வைத்தேன். ஒரு மத்தியானம் மேலே கடக்கென்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் படுத்தபடியே, "பழைய மரம்லா, வெயிலுக்குப் பேசும்" என்றார். மரம்கூடப் பேசுகிறது இந்த வீட்டில், நான்தான் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நர்ஸம்மா எடை பார்க்க வந்தார். தொங்கவிடுகிற தராசு வைத்திருப்பார்களே, மேலே கொக்கி, கீழே பிள்ளையை உட்காரவைக்கிற பை, அது. "எங்கம்மா மாட்ட?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தொட்டில் கட்டையைக் காட்டினேன். அத்தை எனக்குப் பின்னால் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ரெண்டு பேரை அவளே கூட்டி வந்திருந்தாள், சும்மா வந்ததுபோல.

நர்ஸம்மா கொக்கியை மாட்டக் கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது.

"கோமு, இந்தக் கட்டை ஏம்மா இப்படித் தொங்குது?"

"தொங்கலியே."

"மத்த கட்டையப் பாரு, இதப் பாரு. வயித்துப்புள்ளக்காரி மாதிரி எறங்கி நிக்கி. மேல என்ன இருக்கு?"

"தூணு" என்றேன்.

"பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா. எல்லாரும் வெளிய வாங்க. பொறவு பேசலாம்."

தராசை வாசல் வேப்பமரத்துக் கிளையில் மாட்டினார். பிள்ளையைப் பையில் உட்காரவைத்தார். முள் எங்கே நின்றது தெரியுமா? ரெண்டு மாசத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில். ஒரு கோடு ஏறவில்லை அக்கா.

காற்றடிக்கிற மரக்கிளையில் மாட்டினால் எடை சரியாகக் காட்டுமா? நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்குள் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அத்தை தரையைப் பார்த்தாள்.

வேம்பு ஆசாரி வந்தார், அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டே வந்தார். நாற்காலி போட்டு ஏறிக் கட்டையைத் தட்டினார், ஆணியால் குத்தினார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அத்தான் இறங்கி வந்து, "எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுது" என்றார். வீட்டுக்காரர், "சத்தங் கேட்டப்பமே நெனச்சேன்" என்றார். எல்லோரும் அன்றைக்கே தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார்கள்.

"மரத்து மேல இரும்ப நிறுத்தலாம் பாத்துக்கிடுங்க" என்று ஆசாரி நாற்காலியில் நின்றபடியே பிரசங்கம் செய்தார். "ஆனா அதுக்குக் கீழ ஒரு ஆளு வேணும். அந்த ஆளுக்குக் கீழ ஒரு ஆளு வேணும். மண்ணு வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போவணும். நடுவுல ஒரு எடத்துல கைய விட்டாலும் போச்சு. இங்க தொட்டித் தண்ணி, தகரம் அம்புட்டும் ஒத்தக் கட்டை நடு முதுகுல. அதுக்குக் கீழ ஆரு இருந்தா? ஒரு தொட்டில்."

எனக்கு அப்போதுதான் அக்கா உறைத்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். இவன் மூச்சுத் திணறி அழுதான். கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடியும் இறுக்கினேன்.

"தூணச் சொவத்துக்கு மேல மாத்திருவமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அண்ணனை எதிர்த்து அவர் பேசினதே அவ்வளவுதான்.

"வாசல் குத்துல்லாலே அது! ஏம் புள்ளைக்கு ஆவாதுங்காங்க, தெரிஞ்சே செய்யச் சொல்லுதியா?" என்றார் அத்தான்.

அதுவும் நியாயம்தானே. பெற்றவருக்குத்தான் தெரியும். அதனால் மேலே தூணைத் தொடாமல், என் அறைக்குள் இன்னொரு இரும்புத் தூண் நிறுத்துவது என்று முடிவானது. மேல் தூணுக்கு நேர் கீழே. மேலே மஞ்சள் தடவினதற்கு அடியில் இது முட்டுக்கொடுத்து நிற்கும்.

முதலில் தொட்டியைத் திறந்து தண்ணீரைக் காலி பண்ணினார்கள். லோடு ஆட்டோவிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து, ஒரு கனத்த பலகையைக் கட்டைகளுக்குக் குறுக்கே கொடுத்து, மெதுவாகத் தூக்கினார்கள். ஒரே நாளில் தூக்கினால் மேலே சுண்ணாம்பு பிளந்துவிடும் என்று ஆசாரி தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். எங்களுக்குக் கூடத்தில் படுக்கை. ஆசாரிக்குத் தினமும் காப்பி.

கடைசி நாள் தூணை நிறுத்தப் போகும்போது அடியில் வைக்கக் கல் வேண்டும் என்றார். என் அறைத் தரை மண்ணைக் கெட்டித்துப் பூசினது, தூண் உள்ளே இறங்கிவிடுமாம். குழி தோண்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். பின்வாசலில் என் அம்மி கிடந்தது.

எங்கள் அம்மா கொடுத்தது அக்கா, சீராக. கல்யாணத்தில் கால் வைத்த அம்மி அதுதான். "மிக்சி இருக்குல்லா, எதுக்கு இது?" என்று அத்தை சொன்னாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து குழியில் கவிழ்த்துப் போட்டார்கள். அதன் மேல் தகடு, தகட்டின் மேல் தூண். இப்போது மூத்த அத்தான் குடும்பம், தகரம், தண்ணித் தொட்டி எல்லாம் என் அம்மியில் நிற்கிறது. குழவி மட்டும் பின்வாசலில் தனியாகக் கிடக்கிறது. அதை வைத்து என்ன செய்ய? கதவுக்கு முட்டுக் கொடுக்கிறேன்.

நிறுத்தி முடித்துவிட்டுப் பார்த்தால், தூண் என் அறை வாசலுக்கு நேர் எதிரே நிற்கிறது. நூல் பிடித்த மாதிரி. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை அத்தானைப் பார்த்தாள்.

"அது நிக்கிற தூணுக்குத்தாம்மா குத்து. இது தாங்குத தூணு, இதுக்குக் கெடையாது" என்றார் அத்தான். படித்தவர், நாலு ஊர் பார்த்தவர், தெரியாமலா சொல்வார்? வீட்டுக்காரர்தான் இருட்டில் ரெண்டு தடவை நெற்றியை முட்டிக்கொண்டார். "வாடகை குடுக்காத ஆளு ஒருத்தன் நடுவீட்டுல நிக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். குளித்துவிட்டு வந்து துண்டை அவன் மேலேயே காயப் போடுகிறார்.

இதெல்லாம் போகட்டும் அக்கா. வீடு பத்திரம் ஆகிவிட்டது, சந்தோஷம். நான் சொல்ல வந்தது வேறு.

மறுபடியும் தொட்டில் கட்டினேன். தூணில் இடிக்காமல் கொஞ்சம் தள்ளி, அதே கட்டை, அதே சேலை, அதே முடிச்சு. பிள்ளையைப் போட்டேன். தொட்டில் எங்கேயோ உயரத்தில் ஆடுகிறது! அத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து அடியில் விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது.

"பாத்தியா, பழைய கோழிக்குஞ்சுதான்" என்றாள்.

கட்டை ஏறியிருக்கிறது, நடுவில் நான் கயிற்றையும் ஏற்றிக் கட்டியிருக்கிறேன், அதனால் தொட்டிலும் ஏறியிருக்கிறது. அவளும்தானே பக்கத்தில் நின்று ஜாக்கி சுற்றுகிறதைப் பார்த்தாள்! தெரிந்துகொண்டே சொல்கிறாள். அடுத்த நாள் மீன் தலை மாடிக்குப் போனது.

நான் தினமும் காலையில் அத்தை பெருக்க வருகிறதுக்கு முன்னால் கயிற்றை ஒரு நூல் அளவு இறக்கிக் கட்டினேன். ரொம்ப இல்லை, ஒரு நூல். பிள்ளை நிஜமாகவே தேறி வருகிறான், அது பெற்றவளுக்குத் தெரியும். தொட்டில்தான் காட்டமாட்டேன் என்கிறது. காட்டாததைக் கொஞ்சம் காட்ட வைத்தேன், இதில் என்ன தப்பு? விளக்குமாறு முட்டினபோது அத்தை சிரிக்கவில்லை. முடிச்சை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் டப்பாப் பால் பேச்சை எடுத்தாள்.

"தென்காசிக்குப் போ. டாக்டர் நிறுத்துப் பாக்கட்டும். முடிச்சு இல்லாத தராசுல" என்றாள்.

கஞ்சியா? ஆமாம், இப்போது ரெண்டு வேளை கொடுக்கிறேன். நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அவர் மனசு கோணக் கூடாதே என்று. மிச்சம் வைக்காமல் குடிக்கிறான். வீட்டுக்காரருக்கு உருண்டை நின்று போனதில் தொந்தியும் வற்றிவிட்டது. ஆனால் பிள்ளை தேறினது கஞ்சியால் இல்லை அக்கா, அது பால்தான். கஞ்சி சும்மா பேருக்கு.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வரப்போகிறதா? கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டாரே.

அக்கா, ஒரு உதவி. இவனை ஒரு நிமிஷம் பிடியுங்கள். அழ மாட்டான், என்னை மாதிரி இல்லை, எல்லோரிடமும் போவான். அப்படி இல்லை, முழங்கையை அந்தரத்தில் விடாதீர்கள். தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள், பாரம் நேராகக் கீழே இறங்கட்டும். ஆங், அப்படித்தான்.

இப்போது நன்றாகத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் மூன்று பிள்ளை பெற்றவர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கனமாக இருக்கிறானா? ஐயோ, வாயால் சொல்லிவிடாதீர்கள், கண் பட்டுவிடும்! கனமாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள். சும்மா எனக்காக ஆட்ட வேண்டாம். இருந்தால் மட்டும்.

அட, இந்த வேகத்தடைக்கு இவ்வளவு வேகமாகவா வருவான்? பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்! ஒன்றும் ஆகவில்லையே? பாருங்கள், சிரிக்கிறான்.

ஆட்டினீர்கள் அக்கா. நான் பார்த்தேன். ஒன்றுக்கு ரெண்டு தடவை ஆட்டினீர்கள்.

கொடுங்கள், நான் இறங்குகிறேன். அந்தத் தராசில் என்ன காட்டினாலும் காட்டட்டும்.